தரிசு என்று எழுதியவர் யார்? செல்வம், நிலம், சாதி பற்றி ஒரு மறுகணக்கு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவர்களைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோகும் கூட்டம் என்று ஆகிவிடக் கூடாது. அவர்கள் எடுத்த வேலையில் எது இன்னும் பாக்கி இருக்கிறது என்று பார்க்கும் நாளாக இது இருக்க வேண்டும். பாக்கி இருப்பவற்றில் பெரியது நிலம். அதனால் இன்று நிலத்தைப் பற்றியும், அதை வைத்துச் செல்வம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் ஊர்களில் சொல்வார்கள். அந்தப் பழமொழி உழுகிறவனின் கணக்கை மட்டும் சொல்கிறது. ஊருக்குள் இன்னொரு கணக்கும் நடந்துகொண்டே இருந்தது. அது எழுதுகிறவனின் கணக்கு. எது நன்செய், எது புன்செய், எது தரிசு, எது புறம்போக்கு என்று எழுதியவன் உழுதவன் இல்லை. இன்றைக்குப் பூமி சூடாகிறது, ஏரிகள் காணாமல் போகின்றன, முதலாளியம் பூமியைத் தின்று தீர்க்கிறது, அதனால் மனிதகுலம் செல்வத்தைப் பற்றிய தன் எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு சரியானதே. ஆனால் அதில் வரும் ‘மனிதகுலம்’ என்ற சொல்லுக்குள் மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். ஒருவர் நிலத்தைக் கைவசம் வைத்திருந்தவர். இன்னொருவர் அந்த நிலத்தில் பாடுபட்டும் அதன் கணக்கில் பெயர் இல்லாதவர். இந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதித்துவிட்டு முதலாளியத்தைத் தாண்ட முடியாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஒரே பதிவேட்டில் எழுதப்பட்ட சொற்கள்

புறம்போக்கு என்பது இன்று வசைச்சொல். வேலைக்கு ஆகாதவன், யாருக்கும் உரிமையில்லாதவன் என்று அதற்குப் பொருள் ஆகிவிட்டது. ஆனால் அது வருவாய்த் துறையின் சொல். வரி விதிப்புக்கு வெளியே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மந்தைவெளி, பாதை, களம், சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். ஊர் உயிரோடு இருக்கத் தேவையான எல்லாமே அதில்தான் இருந்தன. தண்ணீர் அங்கே, மாடு மேய்வது அங்கே, செத்தவர்களை எடுத்துப்போவதும் அங்கே. அவை வரி கட்டாதவை என்பதால் கணக்குப்பிள்ளையின் கண்ணுக்குப் ‘போக்கு’ ஆயின.

தரிசு என்ற சொல்லும் அப்படித்தான். சாகுபடி செய்யாமல் கிடக்கும் நிலம் என்ற சாதாரணப் பொருள், ஆங்கிலேயர் ஆட்சியில் ‘வீண் நிலம்’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. இதற்குப் பின்னால் ஐரோப்பியச் சிந்தனை ஒன்று இருக்கிறது. 1689இல் வெளிவந்த தன் அரசியல் நூலில் ஜான் லாக், மனிதன் தன் உழைப்பைக் கலக்கும் நிலம் அவனுக்கு உடைமையாகிறது என்று வாதிட்டார். உழைப்புக் கலக்காத, வேலி போடாத நிலம் அவருக்கு வீண். அமெரிக்கப் பழங்குடிகளின் நிலங்களை எடுத்துக்கொள்ள இந்த வாதம் நன்றாகப் பயன்பட்டது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. உழைப்பால் உடைமை வருகிறது என்று விளக்கும்போதே, தன் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்தரையும் தன் உடைமை என்கிறார் லாக். வேலைக்காரனின் உழைப்பு கலந்தது, ஆனால் உடைமை எசமானனுக்கு! அடிமை வணிகக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஒருவருக்கு இது முரணாகத் தோன்றியிருக்காது. சேரியிலிருந்து வந்து நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துப் போரடித்தவர்களின் உழைப்பு எப்படி மிராசுதாரின் நெல்லாக மாறியது என்று கேட்டால், பதில் அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. சொல்லப்போனால் நம் ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு லாக் தேவைப்படவும் இல்லை. அது ஏற்கெனவே இருந்தது.

பொது என்பது யாருக்குப் பொது?

இங்கே ஒரு தவறான பாதை நம்மை அழைக்கும். முதலாளியம் வருவதற்கு முன்னால் எல்லாம் நன்றாக இருந்தது, ஊர்ப்பொதுவை ஊரே காத்தது, பூமியோடு மனிதன் இசைந்து வாழ்ந்தான், அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போனால் போதும் என்று சொல்லும் பாதை. சூழலியல் மேடைகளில் இதை அடிக்கடி கேட்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களில் வரி விதிக்கப்படாத இடங்கள் எவை என்று ஊர்வாரியாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். குளம், வாய்க்கால், ஊர் நத்தம், கோயில் என்று போகும் அந்தப் பட்டியலில் பறைச்சேரி தனியாக வருகிறது, கம்மாணச்சேரி தனியாக வருகிறது, தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. சுடுகாடுகூட ஒன்றாக இல்லை. நொபொரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதாவது, பூமியின் மேல் விலைச்சீட்டு ஒட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அந்தப் பூமி பிரிக்கப்பட்டுவிட்டது. ஏரி பொதுதான். ஆனால் எந்தக் கரையில் யார் இறங்கலாம் என்பது பொது இல்லை.

மகாராட்டிரத்தின் மகாடு நகரத்தில் சவுதார் குளம் இருக்கிறது. பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான், பொது என்ற சொல்லுக்குள் எவ்வளவு பொய் இருந்தது என்று நாடு பார்த்தது. அவர்கள்மேல் தாக்குதல் நடந்தது. பிறகு குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். கால்நடைகள் குடித்த குளம் அது.

தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. பேராசிரியர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நிலத்தோடும் உயிர்களோடும் நமக்கிருந்த உறவுக்கு அது சாட்சி என்பார்கள். உயிரோடு இருக்கும்வரை மாடு ஊருக்குச் செல்வம். செத்த பிறகு அதைத் தூக்கிப்போவது சேரியின் கடமை. ஒரே மாடு, ஒருவருக்கு வளம், இன்னொருவருக்கு இழிவு. பழைய சொற்களில் செல்வத்தைத் தேடப் போகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தை இந்தியாவின் அடிப்படை அலகாகக் கொள்ள மறுத்த காரணத்தை அம்பேத்கர் விளக்கினார். கிராமத்தின் பழம்பெருமையை அவர் ஏற்கவில்லை. அதனால் அவருக்கு இயற்கைமேல் அக்கறை இல்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். தண்ணீருக்காக முதல் பெரிய போராட்டத்தை நடத்தியவரைப் பற்றி இப்படிச் சொல்வது விந்தைதான். பூமியோடு மனிதருக்கு உள்ள உறவு, மனிதரோடு மனிதருக்கு உள்ள உறவின் வழியாகத்தான் நடக்கிறது என்று அவர் பார்த்தார். குளத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாதி நிற்கிறது என்றால், முதலில் அதை நகர்த்த வேண்டும்.

விற்க முடியாத நிலம்: பஞ்சமி நிலத்தின் பாடம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். அதில் வெளிப்பட்ட செய்திகளில் ஒன்று மிராசு முறையின் உள்கட்டு. ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கேட்டு ஒருவர் தர்க்காஸ்து கொடுத்தால், முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் வேண்டாம் என்றால்தான் மற்றவருக்கு. பறையர் ஒருவர் நிலம் கேட்டுவிட்டார் என்று தெரிந்தால், அதுவரை தேவைப்படாத நிலம் மிராசுதாருக்குத் திடீரென்று தேவைப்படும். சேரியில் குடிசை போட்ட மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடியிருப்பும் போய்விடும்.

ஆக, நிலம் தரிசாகக் கிடந்ததற்கு மண்ணின் வறட்சி மட்டும் காரணம் ஆகாது. உழுவதற்கு ஆள் இருந்தார்கள், அவர்கள் உழுதுவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். சொந்த நிலம் வந்துவிட்டால் பண்ணைக்கு யார் வருவார்? ஒரு சமூகத்தின் கூலியைக் குறைவாக வைத்திருக்க, நிலத்தைச் சும்மா போட்டுவைக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்று கோரினார். படிப்பும் நிலமும் ஒன்றாகக் கேட்கப்பட்டதைக் கவனியுங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று 1010 எண் கொண்ட வருவாய்த் துறை அரசாணை வந்தது. அந்த ஆணையின் வழியாகவும் பின்வந்த வருவாய் வாரிய நிலையாணைகளின் வழியாகவும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம். இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு 12 லட்சம் ஏக்கர்.

நிபந்தனைகள் நமக்குத் தெரியும். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை வழக்கமாக ஒரு பாதுகாப்பு விதி என்று மட்டும் பார்க்கிறோம். அதற்குள் செல்வம் பற்றிய வேறொரு எண்ணமும் இருக்கிறது. சந்தையில் நிலத்தின் மதிப்பு என்றால் அதை விற்றால் கிடைக்கும் தொகை. பஞ்சமி நிலத்தின் மதிப்பு, அதில் நின்று ஒரு குடும்பம் இன்னொருவர் வாசலில் கைகட்டாமல் வாழ முடிவது. காலனி அரசு பெருந்தன்மையால் இதைச் செய்யவில்லை, வருவாய்க் கணக்கும் நிர்வாகக் கவலையும் அதற்கு இருந்தன. இருந்தாலும், ஒரு துண்டு நிலம் சரக்காக மாறக் கூடாது என்று அரசாணை சொன்னது நம் வரலாற்றில் சிறிய விஷயம் கிடையாது.

ஒரு மறுப்பு இங்கே எழும். விற்க முடியாத நிலத்துக்கு வங்கி கடன் தராது, நம்மவர்களை மட்டும் சந்தைக்கு வெளியே நிறுத்துவது இன்னொரு வகை ஒதுக்கல் ஆகாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிபந்தனை மட்டும் இருந்து, கிணறும் கடனும் விதையும் மாடும் இல்லாமல் போனதால்தான் பல குடும்பங்கள் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தைவிட்டு வெளியேறின. அதனால் கோளாறு நிபந்தனையில் என்று சொல்வதைவிட, நிபந்தனையோடு வர வேண்டிய மற்றவை வராததில் என்று சொல்வதே பொருந்தும். நிபந்தனையை எடுத்துவிட்டால் இன்று கையில் இருப்பதும் ஒரே தலைமுறையில் மனை வணிகத்துக்குப் போய்விடும்.

இருந்த நிபந்தனையும் காக்கப்படவில்லை. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, யுடிஆர் என்று நாம் சொல்வது, பல இடங்களில் பழைய வகைப்பாடு மறைந்து, அனுபவத்தில் வைத்திருந்தவர் பெயரில் பட்டா ஏறிவிட்டது என்பது இயக்கங்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். தங்களுடையது என்று நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதைக் கேட்டவர்கள் அவர்கள்.

கணக்கில் வராதவை

ஒரு நாட்டின் செல்வத்தை இன்று மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற எண்ணால் அளக்கிறார்கள். இதற்கு அடித்தளம் இட்ட பொருளியலர் சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்க செனட்டுக்கு அளித்த அறிக்கையிலேயே, தேசிய வருமானத்தை வைத்து மக்களின் நலத்தை முடிவு செய்யக் கூடாது என்று எச்சரித்தார். எச்சரிக்கை மறக்கப்பட்டது, எண் நிலைத்தது. இந்தக் கணக்கில் ஏரியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டினால் வளர்ச்சி கூடும். வெள்ளம் வந்து அதைச் சரிசெய்தால் மறுபடியும் கூடும். ஏரி ஏரியாகவே இருந்தால் எதுவும் கூடாது.

பள்ளிக்கரணை நமக்குப் பக்கத்தில் இருக்கும் சான்று. தென்சென்னையின் மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பிவைத்த பெரிய சதுப்பு நிலம் அது. நெடுங்காலம் அது பயனற்ற இடமாகவே பார்க்கப்பட்டது. நகரத்தின் குப்பை பெருங்குடியில் அதன்மேல் கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் அதைத் தின்றன. எஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடு ஆனது, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்தச் சதுப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளும் எழுந்தன. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட மக்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். நீர்நிலையைக் காக்கிறோம் என்று கூவக்கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்தி, இன்னொரு தாழ்வான நீர்ப்பகுதியில் குடியமர்த்தினார்கள். 2015 வெள்ளத்தில் அந்த மக்கள் மறுபடியும் தண்ணீரில் நின்றார்கள். பயனற்ற நிலம் என்று எழுதிய அதே கை, அந்த நிலத்துக்கு ஏற்ற மக்கள் யார் என்றும் எழுதுகிறது.

உழைப்புதான் எல்லாச் செல்வத்துக்கும் ஊற்று என்று ஜெர்மானியத் தொழிலாளர் கட்சி தன் திட்ட வரைவில் எழுதியபோது, 1875இல் மார்க்ஸ் அதைத் திருத்தினார். பயன்மதிப்புகளுக்கு இயற்கையும் அதே அளவுக்கு ஊற்று என்றார். அவர் காரணத்தையும் சொன்னார்: இயற்கையின் மூலங்களை யார் உடைமையாக வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை மறைக்கவே, உழைப்பை மட்டும் புகழ்வது உடைமையாளர்களுக்கு வசதியாக இருக்கிறது. கூலி உயர்வு மட்டும் கேட்டு நிலத்தைக் கேட்காத அரசியலுக்கு இது இன்றும் பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. பயிரிடப்படும் நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பொதுவைக் காப்பதும் நிலம் கேட்பதும் எதிரெதிரா?

இதில் நமக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் கேட்பது பெரும்பாலும் அரசுத் தரிசு, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு. சூழலியலாளர்கள் காக்கக் கேட்பதும் அதையேதான். தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் குடியரசுக் கட்சி 1964 டிசம்பரில் தொடங்கிய நிலச் சத்தியாகிரகத்தில் லட்சக்கணக்கானோர் சிறை சென்றார்கள். தரிசு நிலங்களை நிலமற்றோருக்குக் கொடு என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. மராத்வாடாவில் கைரான் எனப்படும் ஊர் மேய்ச்சல் நிலங்களைத் தலித்துகள் உழுதபோது, பொதுவை அழிக்கிறார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் கூச்சலிட்டார்கள். பயிரை அழித்தார்கள்.

2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. பணமும் அரசியல் பலமும் கொண்டவர்கள் குளத்தை மேடாக்கி வீடு கட்டிய வழக்கு அது. அதே தீர்ப்பு, நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசாணைப்படி கொடுக்கப்பட்ட நிலங்களை விதிவிலக்காகச் சொன்னது. நடைமுறையில் இடிக்கும் எந்திரம் முதலில் யார் குடிசைக்கு வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இரண்டையும் பிரித்துப் பேச நாம் பழக வேண்டும். ஏரியின் நீர்ப்பரப்பில் யாரும் வீடு கட்டக் கூடாது, நாமும்தான். ஆனால் ஏரியை விட்டு எழச் சொல்லும் அரசு, அதே ஊரில் எழுந்து நிற்க ஓரிடம் கொடுக்க வேண்டும். அந்த இடம் ஊரில் உபரி நிலத்தை வைத்திருப்பவரிடமிருந்தும், பறிபோன பஞ்சமி நிலத்திலிருந்தும் வர வேண்டும். கடைசிப் பொதுநிலத்தின்மேல் நிலமற்றோரையும் இயற்கையையும் மோதவிட்டு, நடுவில் பெருநிலக்காரர் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் ஏற்கக் கூடாது.

இரண்டு ஊர்களின் அனுபவம்

வேறு வழி நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இரண்டும் முழுமையான விடைகள் கிடையாது.

பஞ்சாபில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித்துகள். நிலம் மிகச் சொற்பம். அங்கே 1961ஆம் ஆண்டின் ஊர்ப்பொது நிலச் சட்டப்படி, பஞ்சாயத்துச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகை விட வேண்டும். பல ஆண்டுகளாகப் பெருநிலக்காரர்கள் தங்களிடம் வேலை செய்யும் தலித் ஒருவரின் பெயரில் ஏலம் எடுத்துத் தாங்களே அனுபவித்தார்கள். சங்குரூர் மாவட்டத்தில் 2014 முதல் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி இதை எதிர்த்து நின்றது. பலத் கலான் போன்ற ஊர்களில் தலித் குடும்பங்கள் பணம் சேர்த்து ஒன்றாகக் குத்தகை எடுத்து, கூட்டாகப் பயிரிட்டார்கள். தடியடியும் வழக்கும் வந்தன. 2016இல் ஜலூரில் தலித் குடியிருப்பின்மேல் தாக்குதல் நடந்தது. இந்தப் போராட்டத்தில் முன்னே நின்றவர்களில் பெண்கள் பலர். மாட்டுக்குப் புல் அறுக்கப் பெருநிலக்காரரின் வயலுக்குப் போய் வசையும் அதைவிட மோசமானதும் வாங்கியவர்கள் அவர்கள். கூட்டு நிலத்திலிருந்து தீவனம் கிடைத்ததும் அந்தப் பயணம் நின்றது. எந்தப் பொருளியல் எண்ணிலும் இது பதிவாகாது. ஆனால் அந்தப் பெண்களுக்குச் செல்வம் என்றால் இதுதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சங்குரூர், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சும் பகுதி. நெல்லும் கோதுமையுமாகச் சுழலும் பசுமைப் புரட்சி வேளாண்மையிலிருந்து கூட்டுச் சாகுபடியும் எளிதில் வெளியேற முடியவில்லை. ஓராண்டுக் குத்தகை வைத்திருப்பவர் மண்ணுக்காக எவ்வளவு காலம் காத்திருப்பார்? நீதியான பகிர்வு தானாகவே பூமியைக் காப்பாற்றிவிடாது என்பதை இது காட்டுகிறது.

தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் இன்னொரு பாதி கிடைக்கிறது. 1983 முதல் அங்கே டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்போடு சேர்ந்து சங்கங்களாகத் திரண்டவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். அரசு கொடுத்த கல்லும் சரளையுமான நிலத்தை, மானாவாரியில் சோளம், தினை, துவரை, எள் என்று பலவற்றைக் கலந்து விதைத்துத் தேற்றினார்கள். விதையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1990களின் நடுவில், தரிசாகக் கிடந்த நிலத்தை உழுவதற்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனைச் சோளமாகத் திரும்பப் பெற்று, ஊரிலேயே சேமித்து, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். யார் ஏழை என்று அதிகாரி முடிவு செய்யவில்லை, ஊர் கூடி முடிவு செய்தது. இந்தச் சங்கங்களின் பணிக்கு 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. தரிசு என்று எழுதப்பட்ட நிலமும், கூலியாள் என்று எழுதப்பட்ட பெண்ணும் சேர்ந்து ஊருக்குச் சோறு போட்ட வரலாறு இது.

எந்த அளவுகோலால் அளப்பது?

1947இல் வெளியிட்ட ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலில் அம்பேத்கர், வேளாண்மையை அரசுத் தொழிலாக ஆக்க வேண்டும் என்றார். நிலம் அரசுடைமையாகி, சாதி மத வேறுபாடின்றி ஊராருக்குக் குத்தகையாகப் பகிரப்பட வேண்டும். நிலப்பிரபு என்றும் குத்தகைதாரர் என்றும் நிலமற்ற கூலி என்றும் யாரும் இருக்கக் கூடாத வகையில், கூட்டுப் பண்ணையாகப் பயிரிடப்பட வேண்டும். அதைச் சட்டமன்றப் பெரும்பான்மை மாற்ற முடியாதபடி அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்றும் அவர் கேட்டார். நடக்கவில்லை. அன்று அவர் அரசின் கையில் வைத்த நம்பிக்கையை இன்று அப்படியே வைப்பது கடினம், ஏனெனில் ஏரியைத் தூர்ப்பதிலும் அரசே முன்னால் நிற்கிறது. ஆனால் அவர் எழுப்பிய அடிப்படை அப்படியே இருக்கிறது: நிலம் சரக்காக இருக்கும்வரை அது சாதிக்குச் சேவை செய்யும்.

எளிமையாக வாழுங்கள், நுகர்வைக் குறையுங்கள் என்ற அறிவுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950இல் பௌத்தத்தின் எதிர்காலம் பற்றி எழுதிய கட்டுரையில், எந்த மதமும் வறுமையைப் புனிதமாக்கக் கூடாது என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். பல தலைமுறையாகக் குறைவாகவே உண்டவர்களிடம் குறைத்து உண்ணச் சொல்வது அறம் ஆகாது. குறைக்க வேண்டியவர்கள் யாரென்று பெயர் சொல்லித்தான் பேச வேண்டும்.

அப்படியானால் செல்வத்தை எப்படி அளப்பது? மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். ஒன்று, இந்த நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் யாராவது பிறப்பால் விலக்கப்பட்டிருக்கிறார்களா? இரண்டு, இதில் உழைக்கிறவர் இதன் கணக்கை எழுதுகிறாரா, முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கிறாரா? மூன்று, அடுத்த தலைமுறைக்கு இது இதே வலுவோடு போய்ச் சேருமா, அல்லது இன்றே விற்றுத் தீர்க்கப்படுகிறதா? பழைய கிராமம் முதல் இரண்டு கேள்விகளிலேயே தோற்றுவிடும். முதலாளியம் மூன்றிலும் தோற்கும். மூன்று கேள்விகளிலும் தேறக்கூடிய ஏற்பாட்டைத்தான் நாம் கட்ட வேண்டும்.

மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் அ பதிவேட்டை வாங்கிப் படியுங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டோடு ஒவ்வொரு புல எண்ணையும் ஒப்பிடுங்கள். எங்கே நிபந்தனை நிலம் என்பது வெறும் பட்டா நிலமாக மாறியது, எந்த ஆண்டில் மாறியது என்று குறியுங்கள். கிடைக்காத நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், பதிவேட்டில் இல்லாததையும் எழுதுங்கள்: எந்தக் குளத்தில் யார் இறங்க முடியவில்லை, எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எந்தத் ‘தரிசை’ நம்பியிருக்கின்றன, ஊரின் கழிவை யார் கையால் அள்ளுகிறார்கள். சேரியின் மூத்த பெண்களிடம் கேட்டால் ஊரின் நீரோட்டம் முழுவதும் அவர்கள் நினைவில் இருக்கும். களப்பணியாளர்கள், பஞ்சமி நில மீட்புக் கோரிக்கையோடு, மீட்ட நிலத்தில் என்ன பயிர், யார் கூட்டாகச் செய்வது, கிணறும் கடனும் எங்கிருந்து என்பதையும் சேர்த்தே மனு எழுதுங்கள். மீட்ட நிலம் மறுபடி தரிசாகக் கிடந்தால், அதை எழுதிக்கொள்ள ஆள் காத்திருக்கிறது.

இதுவரை இந்த நாட்டின் கணக்கை எழுதியவர்கள் நம்மைப் புறம்போக்கில் வைத்தார்கள். இனி கணக்கு எழுதும் இடத்தில் நாம் உட்கார வேண்டும்.